குதிகால் அறுந்ததற்கு மொய் எழுதலாமா?

கேள்வி: 9 ஜூன் 2024, காலை

நாங்கள் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு அடுக்ககத்தில் கும்மியும் கோலாட்டமும் ஆடும் குழு. இருபது பேர், எல்லோரும் பெண்கள். போன மாதம் பயிற்சியில் எங்களில் ஒருவருக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறார். அவர் இங்கே குடியிருப்பவர் அல்ல, இரண்டு வீடுகளில் சமையல் வேலைக்கு வருகிறவர். ஆனால் குழுவில் நன்றாகப் பாடுவது அவர்தான். 18,000 ரூபாய் சேர்த்துக் கொண்டுபோனோம். வாங்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டுவிட்டார். கட்டாயப்படுத்தி வைத்துவிட்டு வருவதா, அப்படியே விட்டுவிடுவதா?

9 ஜூன், இரவு

வைத்துவிட்டு வராதீர்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மறுநாள் காலை அந்த உறை அவர் மகன் கையில் எங்கள் வாத்தியார் வீட்டுக்குத் திரும்பி வந்தது, ஒட்டுகூடப் பிரிக்காமல்.

நான் இருப்பது ஸ்ரீராமபுரம். எங்களுடையது ஒயிலாட்டக் குழு, பறையும் உண்டு. கணக்கு வழக்கெல்லாம் என்னிடம். எங்கள் அக்கா ஒருவருக்குக் குதிகால் நரம்பு அறுந்தபோது இதே தலைவலி வந்தது. கடைசியில் மொய்யாக எழுதித்தான் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். நோட்டுப் போட்டு, பெயர் எழுதி, திரும்பச் செய்ய வேண்டிய பணமாகக் கொடுங்கள். வாங்குவார்.

10 ஜூன்

நடந்ததைச் சொல்லாமல் புத்தி மட்டும் சொன்னால் நன்றாக இருக்காது.

2023 ஜனவரி 22, பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு. ஓக்ளிபுரத்தில் ஒரு தெரு விழா. நாங்கள் 16 பேர், எட்டெட்டாக இரண்டு வரிசை. தெருவுக்கு அப்போதுதான் வொயிட் டாப்பிங், அதாவது தாருக்கு மேல் காங்கிரீட், போட்டிருந்தார்கள். பார்க்க மண்டபத்துத் தரை மாதிரி வழவழவென்று இருந்தது, ஆட வாகாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். வெறுங்கால், ஒவ்வொரு காலிலும் சலங்கை. ஒயிலாட்டம் மெதுவாகத்தான் தொடங்கும், போகப்போகத்தான் சூடு பிடிக்கும். கடைசியில் உட்கார்ந்து எழுந்து, குதித்துத் திரும்பும் ஒரு அடி வரும். அந்தத் திருப்பத்தில் அக்கா நின்றுவிட்டார். கையில் சிவப்புத் துணி தொங்குகிறது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏண்டா, கண்ணு தெரியல? எதுக்குடா உதைச்ச?"

நான் அவருக்கு நேர் பின்னால் இருந்தது உண்மை. ஆனால் இரண்டு எட்டு தள்ளி இருந்தேன். உதைக்கவில்லை. யாரும் நம்பவில்லை. பறை அடித்தவர்களும் நிறுத்திவிட்டு என்னைத்தான் முறைத்தார்கள். அக்கா நொண்டிக்கொண்டே ஒரு வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தார். கணுக்காலுக்கு மேலே பின்பக்கம் கொழுக்கட்டை போல வீங்கிக்கொண்டே வந்தது. சலங்கை வாரின் முடிச்சு வீக்கத்துக்குள் போய்விட்டது. ஒரு தம்பி பிளேடு எடுத்துக்கொண்டு வந்தான், வாரை அறுத்துவிடலாம் என்று. "அது வாத்தியாரோடது. வார் மேல கை வச்ச, தொலைச்சிடுவேன்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அவரே கால்மணி நேரம் முடிச்சோடு மல்லுக்கட்டி அவிழ்த்தார்.

பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. சுளுக்கு என்று சொல்லி, இழுபட்டை சுற்றி, வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். பாதத்தைக் கீழே அழுத்தச் சொன்னார்கள், அழுத்த முடிந்தது. அதனால் ஒன்றும் இல்லை என்று முடிவாகிவிட்டது. ஐந்து நாள் வேப்பெண்ணெய், ஒத்தடம். புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்று ஒருவர் வண்டிகூடப் பேசிவிட்டார். ஆறாவது நாள், எங்கள் குழுத் தம்பிக்குத் தெரிந்த ஒரு பிசியோதெரபி பெண் வந்து பார்த்தார். அக்காவைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட்டு, இடது கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினார். பாதம் தானாகக் கீழே அசைந்தது. வலது கெண்டைக்காலை அமுக்கினார். பாதம் சும்மா தொங்கியது. அவ்வளவுதான் சோதனை, அரை நிமிடம்கூட ஆகவில்லை.

யாரோ பின்னால் இருந்து உதைத்த மாதிரி இருந்ததா என்று அவராகவே கேட்டார். குதிகால் அறுந்தவர்கள் பெரும்பாலும் சொல்வதே அதுதானாம். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஆறு நாள் சுமந்த பழி போயிற்று. அக்கா என்னைப் பார்த்து, "சரி சரி, அதுக்காக நீ நல்லா ஆடுறேன்னு அர்த்தம் இல்ல" என்றார்.

10 ஜூன், சற்றுப் பிறகு

திருத்தம். நரம்பு என்று எழுதிவிட்டேன், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அறுந்தது தசைநாண், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டிப்போடும் தடித்த வடம். அது முழுசாக அறுந்தாலும் பாதத்தைக் கொஞ்சம் கீழே அழுத்த முடியும், வேறு தசைகள் அந்த வேலையை ஒப்பேற்றிவிடும். அதனால்தான் சுளுக்கு என்று ஏமாந்துபோகிறோம். எலும்பு முறியவில்லை என்பதால் எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் ஒன்றும் பிடிபட்டிருக்காது.

13 ஜூன்

பணத்தைப் பற்றி முதலில் எழுதியது தப்போ என்று தோன்றுகிறது. எங்களுக்கு முதலில் வந்து நின்ற பிரச்சினை கழிவறை.

அறுவை சிகிச்சை முடிந்து விரல்நுனி கீழே பார்த்தபடி மாவுக்கட்டு. அக்கா வீடு இரண்டாம் மாடி. படிக்கட்டு வெளியே இருக்கிறது, கைப்பிடி பாதிவரைதான். ஆட்டோ ஓட்டும் அண்ணனும் நானும் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு ஏறினோம். மேலே போனதும் அவர் மருமகள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணா, பாத்ரூம்ல எப்படி உக்காருவாங்க?" என்றாள். அந்த வீட்டில் இருப்பது குந்தி உட்காரும் கழிவறை. ஒரு காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மருத்துவமனையில் நாலு பக்கத்துக்குத் தாள் கொடுத்தார்கள், எதை எப்போது சாப்பிடுவது என்பதுவரை இருந்தது. இது இல்லை.

அன்று ராத்திரியே சிவாஜிநகர் பக்கம் அலைந்து ஒரு கமோடு சேர் வாங்கி வந்தோம், இரும்புக் குழாயில் நாலு கால், நடுவில் வளையம். கழிவறைக்குள் அது நுழையவில்லை. கதவு அகலம் ஒரு சாண் குறைவு. கடைசியில் கதவையே கழற்றி மொட்டைமாடியில் வைத்துவிட்டு, வாசலுக்குப் பழைய சேலையைத் திரையாகப் போட்டோம். மூன்று மாதம் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்காரர் கேட்டபோது கதவு கறையான் அரித்துவிட்டது என்று அக்கா கூசாமல் சொன்னார்.

அப்புறம் தண்ணீர். காவிரித் தண்ணீர் அந்தத் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். கீழே தொட்டியில் பிடித்து மேலே டிரம்மில் நிரப்ப வேண்டும். அதுவரை அதைச் செய்துகொண்டிருந்தது அக்காதான். மருமகள் நிறைமாதம். எங்கள் பெண்கள் ஆறு பேர் முறை வைத்துக்கொண்டார்கள், ஆளுக்கு ஒரு தண்ணீர் நாள். அவர்களைக் கேட்டால் பன்னிரண்டு குடம் மாடி ஏற்றுவதைவிட ஒயிலாட்டம் லேசு என்பார்கள். நான் ஒரு நாள் போனேன், ஏழாவது குடத்தில் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் பாட்டுக்காரர் வீட்டுக் கழிவறை எப்படி என்று யாராவது போய்ப் பாருங்கள். ஜவ்வு அறுவை சிகிச்சை முடிந்த முட்டியை மடக்கிக் குந்த முடியாது. எங்கள் சேர் சும்மாதான் கிடக்கிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

16 ஜூன்

இப்போது பணம்.

அக்கா பீன்யாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரர். பதினோரு வருஷமாக பவர் மெஷின். அந்த மெஷினை ஓட்டுவது வலது கால். விரல்பக்கம் அழுத்தினால் ஓடும், குதிகாலால் பின்னுக்கு அழுத்தினால் நூல் வெட்டும். அறுந்தது வலது குதிகால். ஆட்டம் போனால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று என்று இருந்துவிடலாம், இவருக்குத் திங்கள் முதல் சனி வரை போயிற்று. இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. "எப்ப ஆடுவீங்க அக்கா" என்றுதான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

உறை திரும்பி வந்த கதையைச் சொன்னேன். வாத்தியாருக்கு மனசே சரியில்லை. அவர் மதுரைப் பக்கம். நான் பேராவூரணிப் பக்கம். எங்கள் ஊரில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி சுற்று வட்டாரத்தில் கல்யாணம் காட்சி எதுவும் தேவையில்லை, மொய்க்கென்றே பந்தல் போட்டுக் கறிசோறு போடுவார்கள். சாப்பிட்டுவிட்டு எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர் உண்டு, பிள்ளையைப் படிக்கவைத்தவர் உண்டு. வாங்கியவர், எழுதிய ஒவ்வொருவருக்கும் அவரவர் முறை வரும்போது திருப்பிச் செய்தாக வேண்டும். எங்கள் அப்பாவின் மொய் நோட்டு இன்னும் இருக்கிறது, ரேஷன் அட்டையைவிடப் பத்திரமாக.

ஒரு நீளநோட்டு வாங்கினேன். மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, 31 பேர் பெயரையும் தொகையையும் எழுதினேன். 101, 501, 1,001, ஒருவர் 5,001. மொத்தம் 41,331. எல்லாம் ஒன்றில் முடிவதால் கடைசியில் அந்த 31 தானாக வந்து நின்றது. கூட்டல் சரி என்பதற்கு அதுவே சாட்சி.

அக்கா கேட்டுவிட்டு, "எங்க திருவண்ணாமலைப் பக்கம் கல்யாணத்துக்குத்தான் மொய். கால் அறுந்ததுக்கு எல்லாம் யாரும் எழுத மாட்டாங்க" என்றார். அது உங்கள் ஊர், இது என் ஊர், நோட்டு என்னுடையது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "படி, யார் யார் எவ்வளவுன்னு" என்றார்.

படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். "அவன் எதுக்கு 1,001 எழுதினான்? வீட்டு வாடகையே ரெண்டு மாசம் பாக்கி. 101 போதும், மிச்சத்தை நாளைக்கே அவன் கையில குடு." அடித்து எழுதினேன். 40,431. இந்தத் தொகையைத்தான் வாங்கிக்கொண்டார். நோட்டையும் வாங்கிக்கொண்டார், கணக்குப்பிள்ளையான என்னிடம் அது இப்போது இல்லை.

17 ஜூன்

நேற்று எழுதியதைப் பார்த்தால் ஏதோ பெரிய காரியம் செய்தவன் மாதிரி இருக்கிறது. எங்கள் மடத்தனத்தையும் எழுதிவிடுகிறேன்.

அக்காவிடம் முதல் நாளிலிருந்தே இ.எஸ்.ஐ. அட்டை, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டு அட்டை, இருந்தது. மாதச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பதினோரு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் (2019க்கு முன்னால் இன்னும் கூடுதலாகவே பிடித்தார்கள்). நாங்களோ தனியார் மருத்துவமனையில் 65,000 கட்டினோம், மகன் நகையை வைத்து. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால்தான் இ.எஸ்.ஐ. என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம், அக்கா உட்பட. அப்படி இல்லை. பணியில் நேர்ந்த விபத்துக்கு இருக்கும் ஊனப் பலன்தான் கிடைக்காது. மருத்துவமும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான நோய்ப் பலனும் எங்கே விழுந்தாலும் உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்கு கட்டியிருந்தால் போதும். சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை.

அக்காவுக்கு நாள் கூலி 440. அதில் 70 சதவீதம் 308. 91 நாளுக்கு 28,028 ரூபாய். நாங்கள் ஊரைக் கூட்டிச் சேர்த்ததில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு, அவருடைய சொந்தப் பணமாகவே வந்திருக்கும்.

பிப்ரவரி 20 வாக்கில்தான் அவரோடு வேலை செய்யும் ஒரு பெண் பார்க்க வந்து, "அட்டையை வச்சுக்கிட்டு ஏன் அக்கா சும்மா இருக்கீங்க" என்றாள். இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேலைக்குப் போக முடியாது என்ற சான்றிதழ் நாங்கள் அங்கே போன நாளிலிருந்துதான். அதற்கு முந்தைய நான்கு வாரம் காற்றோடு போயிற்று. கேட்க வேண்டிய ஒரு கேள்வியை 31 பேரில் ஒருவரும் கேட்கவில்லை. இதில் மூன்று பேர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள், அவர்களுடைய காப்பீட்டில் பல் பிடுங்க எவ்வளவு தருவார்கள் என்பது தலைகீழ்ப் பாடம்.

உங்கள் பாட்டுக்காரருக்கு இது உதவாது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிப்பதில்லை. அதனால் இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சமைக்கும் இரண்டு வீடுகளும் உங்கள் இருபது பேரில் அடக்கமா? இந்த மாதச் சம்பளம் கொடுத்தார்களா?

23 ஜூன்

கேட்டது நல்லதாகப் போயிற்று. ஒரு வீடு குழுவில் இருக்கிறதாம். சம்பளத்தை நிறுத்திவிட்டு 2,000 ரூபாய் உறையில் போட்டிருக்கிறார். போட்டவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அந்த அம்மா ஏன் கையைக் கட்டிக்கொண்டார் என்று இப்போது புரிகிறது. முதலில் சம்பளம். மொய்யை அப்புறம் பார்க்கலாம். 9ஆம் தேதி நான் எழுதியதில் வரிசை தலைகீழ்.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. மார்ச்சில் அக்காவுக்குக் கட்டைப் பிரித்து பூட்ஸ் போட்டார்கள், உள்ளே குதிகாலுக்கு மூன்று ஆப்பு. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். சரி, வீட்டிலேயே கிடக்கிறாரே என்று ஞாயிறு பயிற்சிக்கு ஆட்டோவில் அழைத்து வந்து, மைதானத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். ஒவ்வொரு அடி முடிந்ததும் யாராவது ஒருவர் போய், "எப்படி அக்கா இருந்துச்சு?" மூன்றாவது வாரம் எரிந்து விழுந்தார். "என்னை என்ன கொலு பொம்மைன்னு நினைச்சீங்களா? சுண்டல் மட்டும்தான் குறை."

அப்புறம் ஏதாவது வேலை கொடுப்போம் என்று வாத்தியார் பறை காய்ச்சும் வேலையைக் கொடுத்தார். பெங்களூர்க் குளிருக்குத் தோல் சட்டென்று தொய்ந்துவிடும், காலையில் காய்ச்சாமல் அடித்தால் அட்டைப்பெட்டி மாதிரி சத்தம். இங்கே வைக்கோலுக்கு எங்கே போவது, பழைய செய்தித்தாளும் காய்ந்த தென்னை ஓலையும்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம், நெருப்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதை ஒரு கதையாக எழுதினால், அக்கா அந்த வேலையில் தேறி, குழுவில் தன் இடத்தைத் திரும்பப் பிடித்தார் என்று முடிக்கலாம். நடந்தது வேறு. பக்கத்தில் இருந்தவளோடு பேசிக்கொண்டே என் பறையைக் கருக்கிவிட்டார். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கி, கடலை வறுத்த வாசனை. தோல் மாற்ற ஓசூர் பக்கம் அனுப்பி, மூன்று வாரம் நான் கை தட்டிக்கொண்டு நின்றேன்.

அதற்கு அப்புறம் அவரை யாரும் கூப்பிடவில்லை. அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று பிறகு சொன்னார். மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தால் கால் தானாக அடி வைக்கிறதாம், வைத்ததும் பயம் வருகிறதாம்.

7 ஜூலை

இதையும் எழுதிவைக்கிறேன். ஏன் அறுந்தது என்று எல்லோரும் கேட்டோம். வயது என்றார்கள் (அப்போது 41), வாரம் முழுக்க உட்கார்ந்த வேலை, ஞாயிறு மட்டும் குதியாட்டம் என்றார்கள். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் இப்படி வாரக்கடைசியில் மட்டும் உடம்பை முறுக்குகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. குதிகாலுக்கு மேலே சில செ.மீ. உயரத்தில் ரத்த ஓட்டம் குறைவான இடம் ஒன்று உண்டு, அங்கேதான் அறுகிறது. பிசியோதெரபி பெண் கேட்ட முதல் கேள்வி, சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மாத்திரை எதுவும் சாப்பிட்டீர்களா என்பது. அந்த வகை மாத்திரைக்குத் தசைநாணைப் பலவீனமாக்கும் குணம் உண்டாம். அக்கா சாப்பிடவில்லை.

மிச்சம் இருப்பது தரை. வாத்தியார் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஒயிலாட்டம் கோயில் திடலில், மண்ணில் ஆடி வந்த ஆட்டம். மண் கொஞ்சம் உள்வாங்கும், காங்கிரீட் வாங்காது. இப்போது விழாவுக்குக் கூப்பிடுகிறவர்களிடம் முதல் கேள்வியே தரை என்ன என்பதுதான். காங்கிரீட் என்றால் குதித்துத் திரும்பும் அடி கிடையாது. பெங்களூரில் மண் தரை எங்கே சார் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆடுவதற்கு முன் கால்மணி நேரம் கெண்டைக்காலை உருவிச் சூடேற்றுவது இப்போது கட்டாயம். பறைக்கு மட்டும் காய்ச்சுகிறோம், காலுக்கு வேண்டாமா என்று ஆட்டோ அண்ணன் கேட்டார். அவர் சொன்னதிலேயே உருப்படியானது அது.

அக்கா 2023 ஜூன் நடுவில் வேலைக்குத் திரும்பினார். ஜூன் 11ஆம் தேதிதான் கர்நாடகத்தில் பெண்களுக்குப் பேருந்து இலவசமானது. நல்ல நேரம் பார்த்துத்தான் போகிறேன் என்றார். இரண்டாம் நாளே முகம் வாடிவிட்டது. டிக்கெட் இல்லை, நிற்கவும் இடமில்லை. ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு பீன்யா வரை. ஒரு மாதம் மெட்ரோவுக்குக் காசு கொடுத்துப் போனார். மெஷினில் உட்கார முடியாமல் நூல் வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள், நாளுக்கு 40 ரூபாய் குறைவு. மறுபடி மெஷினில் உட்கார அக்டோபர் ஆயிற்று.

4 ஆகஸ்ட்

நேற்று ஆடிப்பெருக்கு. ஊரில் மொய் விருந்துக் காலம். அத்தானோடு பேசினேன், 2018 நவம்பர் கஜா புயலில் தென்னை போனதிலிருந்து மொய் பழைய மாதிரி விழுவதில்லை என்றார். வாங்கியவன் கையில் இல்லாதபோது திருப்பிச் செய்ய வேண்டியது வந்து நிற்கும், அதுதான் இதில் உள்ள முள் என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து ஒன்று உறுத்துகிறது. ஆட்டோ அண்ணன் அன்று 2,001 எழுதினார். பெயரைப் படிப்பார்கள் என்று தெரிந்ததும் மீட்டர் வட்டிக்கு வாங்கி எழுதியிருக்கிறார். ஒன்றரை வருஷம் கழித்து, போன வாரம்தான் வாய் தவறிச் சொன்னார். தினம் வண்டியில் அக்காவை ஏற்றி இறக்கியவர் அவர், ஒரு பைசா எழுதாவிட்டாலும் யார் கேட்டிருப்பார்கள்? ஒருவரைத்தான் அக்கா கண்டுபிடித்துக் குறைத்தார். இவர் தப்பிவிட்டார்.

ஆகவே மொய் எழுதுங்கள் என்று அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் வாபஸ் வாங்குகிறேன். எழுதலாம். எல்லோருக்கும் ஒரே தொகை வையுங்கள், உங்களில் வசதி குறைந்தவர் யோசிக்காமல் போடக்கூடிய தொகை. பணம் போடாமல் தண்ணீர் தூக்கியவர், வண்டி ஓட்டியவர் பெயரும் நோட்டில் வரட்டும். இதை அக்காவிடம் சொன்னேன். "அதெல்லாம் நான் அப்பவே எழுதிட்டேன்" என்று நோட்டை எடுத்து வந்தார். கடைசிப் பக்கங்களில் அவர் கையெழுத்து: யார், எந்தத் தேதி, எத்தனை குடம். என் பெயருக்கு நேரே, குடம் 6½.

வாத்தியார் மகள் வளைகாப்புக்கு, இன்னொரு தம்பி வீட்டுப் பால் காய்ச்சுக்கு என்று அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்துகொண்டு வருகிறார், எழுதியதற்கு மேல் நூறு ரூபாய் சேர்த்து. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் முறை வரும்போது வாங்கக் கூசும் என்பதும் தெரிகிறது.

19 ஜனவரி 2025

எங்கள் அக்கா ஆடினாரா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி நிற்க வேண்டும், அது வந்தால்தான் குதிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். வாத்தியார் ஒரு பத்து ரூபாய்த் தாளை அக்கா குதிகாலுக்கு அடியில் வைப்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு எம்ப வேண்டும். தாளை உருவ முடிந்தால் தூக்கிவிட்டார் என்று கணக்கு. ஆறாம் மாதம் தாள் அசையவில்லை. ஒன்பதாம் மாதம் பாதி வந்து கிழிந்தது. பதினோராம் மாதம் வந்தது. 2024 பொங்கலுக்குப் பின்வரிசையில் மெதுவான அடிகள் மட்டும் ஆடினார். இந்தப் பொங்கலுக்கு முழுசாக ஆடினார், குதித்துத் திரும்பும் அடியைத் தவிர. அந்த நேரம் வந்ததும் துணியை வீசிக்கொண்டு வரிசையிலிருந்து ஒதுங்கி நிற்பார், முடிந்ததும் உள்ளே வந்துவிடுவார். பார்க்கிறவர்கள் அதுவும் ஆட்டம் என்றே நினைக்கிறார்கள். வலது கெண்டைக்கால் இன்னும் இடதைவிட மெலிவுதான். என்னை மட்டும் பின்னால் நிற்க விடுவதில்லை, முன்வரிசைக்கு மாற்றிவிட்டார்.

உங்கள் பாட்டுக்காரர் பொங்கலுக்கு நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பாடினார் என்று கேட்டதில் எங்கள் பெண்கள் எல்லோருக்கும் சந்தோஷம். நிறுத்திய சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் மொய் நோட்டில் கை வைத்தார் என்பதும் சரி, ஆளுக்கு 201 என்பதும் சரி.

சேர் நேற்று வந்து சேர்ந்தது. துடைத்துக் கொடுத்ததற்கு நன்றி. பின்பக்க இடது காலில் ரப்பர் புஷ் ஒன்று இல்லை. அக்கா அதையும் நோட்டில் எழுதிவிட்டார்.